இயக்கம், விசை, வேலை: கணக்குப் போடும்போது அடிக்கடி வரும் சந்தேகங்கள்

இயக்கம், விசை, வேலை என்ற மூன்று பாடங்களிலும் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை கடைசியில். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் நடுவிலிருந்து படிப்பவர்கள் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². எண் சுலபமாக வரட்டும் என்று 10 எடுத்த இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா கணக்கைப் பார்த்தா எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. ஏன்?

ஃபார்முலாவிலிருந்து ஆரம்பிப்பதால்தான். கணக்கில் நாலு எண்களைப் பார்த்ததும் அவற்றை எதிலாவது போட்டுவிடக் கை பரபரக்கிறது. அதற்கு முன்னால் மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை, எந்தத் திசை நேர்க்குறி. இந்த மூன்றையும் தாளில் எழுதாமல் ஒரு சமன்பாட்டையும் தொடாதீர்கள்.

இதில் அதிகம் பேர் கோட்டை விடுவது இரண்டாவதில். "மாடியிலிருந்து விட்ட கல் எந்த வேகத்தில் தரையில் மோதும்?" என்று கேட்டால், கல் தரையில் விழுந்ததும் நின்றுவிடுகிறதே, அப்படியென்றால் இறுதித் திசைவேகம் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். நம் கணக்கு தரையைத் தொடுவதற்கு முந்தைய கணத்தோடு முடிந்துவிட்டது. தொட்ட பிறகு தரையும் கல்லைத் தள்ளுகிறது, முடுக்கமே வேறு, அது தனிக் கணக்கு.

அலகு எழுதாம விட்டா மார்க் குறைப்பாங்க, அதுக்காகத்தானே எழுதச் சொல்றீங்க?

மார்க்குக்காக இல்லை, அலகுதான் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் காவல்காரன். தூரம் கேட்ட கணக்கில் கடைசியில் மீ/வி என்று வந்து நின்றால் நடுவில் எங்கோ ஒரு நேரத்தால் பெருக்க மறந்துவிட்டீர்கள் என்று விடைப் பக்கத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது இப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு-விசை-விநாடியில் கொடுத்த கணத்தாக்கு (விசை × நேரம்) எண்ணை இன்னொன்று நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தால் முதல் வேலையாக 3.6-ஆல் வகுத்து மீ/வி ஆக்கிவிடுங்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் 10 மீ/வி, 72 என்றால் 20. இந்த இரண்டும் மனதில் இருந்தால் போதும், மற்றவற்றை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேகம், திசைவேகம் ரெண்டுக்கும் ஒரே எண்தானே வருது, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?

ஒரே திசையில் நேர்கோட்டில் போகும்வரை ஒரே எண் வரும். 400 மீட்டர் ஓடுதளத்தில் 80 விநாடியில் ஒரு முழுச்சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சராசரி வேகம் 5 மீ/வி, சராசரித் திசைவேகம் பூஜ்யம், ஏனென்றால் இடப்பெயர்ச்சியே இல்லை. 

சராசரி என்றதும் இன்னொன்று. போகும்போது மணிக்கு 40, அதே பாதையில் திரும்பும்போது 60 என்றால் சராசரி வேகம் 50 இல்லை, 48. மெதுவாகப் போனதில் அதிக நேரம் செலவாகியிருக்கிறது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதைத் தவிர வேறு குறுக்குவழியை நம்பாதீர்கள்.

மூணு இயக்கச் சமன்பாட்டுல எதை எப்போ போடணும்?

ஆரம்பத் திசைவேகம் (u), இறுதித் திசைவேகம் (v), முடுக்கம் (a), நேரம் (t), இடப்பெயர்ச்சி (s) என்று மொத்தம் ஐந்து சரக்கு. ஒவ்வொரு சமன்பாட்டிலும் இவற்றில் ஒன்று இருக்காது. முதலாவதில் (v = u + at) இடப்பெயர்ச்சி இல்லை, இரண்டாவதில் (s = ut + ½at²) இறுதித் திசைவேகம் இல்லை, மூன்றாவதில் (v² = u² + 2as) நேரம் இல்லை. கணக்கில் கொடுக்காததும் கேட்காததும் எது என்று பாருங்கள். அது இல்லாத சமன்பாடுதான் உங்களுக்கு வேண்டியது.

ஆனால் ஒரு நிபந்தனை: முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் இவை செல்லும். சுருள்வில் தள்ளும் கட்டைக்கும், காற்றின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும் பாராசூட்காரருக்கும் இவற்றைப் போட்டால் விடை வரும், தப்பாக வரும்.

ஈர்ப்பு முடுக்கத்துக்கு பிளஸ் போடணுமா, மைனஸ் போடணுமா?

நீங்கள் எந்தத் திசையை நேர் என்று வைத்தீர்களோ அதைப் பொறுத்தது. "மேலே போனால் மைனஸ், கீழே வந்தால் பிளஸ்" என்ற மனப்பாட விதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அது பந்து மேலே போய்த் திரும்பும் ஒரே கணக்கைத் தேவையில்லாமல் இரண்டாக உடைக்க வைக்கும்.

20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து 15 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம், எப்போது தரையைத் தொடும்? மேல்திசை நேர் என்று வைப்போம். ஆரம்பத் திசைவேகம் +15, முடுக்கம் −10 (எளிமைக்காக 10), இடப்பெயர்ச்சி −20, ஏனென்றால் பந்து முடிக்கும் இடம் தொடங்கிய இடத்துக்கு 20 மீட்டர் கீழே. இரண்டாவது சமன்பாட்டில் போட்டால், −20 = 15 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் நேரம் 4 அல்லது −1. உச்சிக்குப் போனது, திரும்பியது என்று பிரிக்கவே வேண்டாம், 4 விநாடி.

அந்த −1-ஐ உடனே அடித்துவிடாமல் கொஞ்சம் பாருங்கள், எனக்கு இந்தக் கணக்கில் பிடித்ததே அதுதான். நாம் எறிந்ததற்கு 1 விநாடி முன்னால், தரையிலிருந்து 25 மீ/வி வேகத்தில் யாரோ மேலே எறிந்திருந்தாலும் பந்து இதே பாதையில்தான் வந்திருக்கும் என்று சமன்பாடு சொல்கிறது. 4-வது விநாடியில் பந்து கீழே மோதும் வேகமும் அதே 25.

உச்சியில பந்து ஒரு கணம் நிக்குது. அப்போ முடுக்கமும் பூஜ்யம்தானே?

இல்லை. திசைவேகம்தான் பூஜ்யம். முடுக்கமும் பூஜ்யமாகிவிட்டால் அந்தத் திசைவேகம் மாறவே மாறாது, பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். திசைவேகம் எவ்வளவு என்பதும் அது எந்த வீதத்தில் மாறுகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கனமான பொருள் சீக்கிரம் விழும்னுதானே கண்ணால பாக்குறோம்?

பார்ப்பது காற்றின் வேலை. கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுப்பது உண்மைதான், ஆனால் அதை முடுக்கவும் அதே விகிதத்தில் அதிக விசை தேவை, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. 1971-ல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். காற்று இல்லாத இடம், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசமும் இதிலேயே இருக்கிறது. 60 கிலோகிராம் நிறை எங்கே போனாலும் 60 தான். அதன் எடை என்பது விசை: பூமியில் 588 நியூட்டன், ஈர்ப்பு முடுக்கம் 1.62 மட்டுமே உள்ள நிலவில் சுமார் 97 நியூட்டன்.

ஒரு பொருள் நகர்ந்துகிட்டே இருக்குன்னா அதைத் தள்ளுற விசை ஒண்ணு இருக்கணும் இல்லையா?

தேவையில்லை. விசை வேண்டியது திசைவேகத்தை மாற்றத்தான், வைத்துக்கொள்ள இல்லை. "பெட்டி மாறாத வேகத்தில் நேராகப் போகிறது" என்று கணக்கில் பார்த்தால் உடனே பக்கத்தில் "நிகர விசை பூஜ்யம்" என்று எழுதிவிடுங்கள், பாதிக் கணக்கு அந்த வரியிலேயே முடிந்துவிடும். அன்றாடம் ஒரு பொருளைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் போகிறது என்று தோன்றுவதற்குக் காரணம் உராய்வு. நீங்கள் தள்ளுவது உராய்வுக்குச் சரிக்கட்ட.

விசைப்படம் வரையும்போது எந்தெந்த விசையை எல்லாம் போடணும்? எப்பவும் ஒண்ணு விட்டுப்போகுது.

பொருளைச் சுற்றி மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தொடுவது எதுவோ அது ஒவ்வொன்றும் விசை கொடுக்கலாம்: கயிறு தொட்டால் இழுவிசை, தளம் தொட்டால் செங்குத்து எதிர்விசையும் உராய்வும், கை தொட்டால் தள்ளுவிசை. தொடாமல் வருவது இந்தப் பாடங்களில் ஈர்ப்பு ஒன்றுதான். ஒவ்வொரு அம்புக்கும் "இதைக் கொடுப்பது யார்?" என்று கேட்டு ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த அம்பை அழித்துவிடலாம்.

இந்தச் சோதனையில் இரண்டு போலிகள் மாட்டும். ஒன்று, "நிறை × முடுக்கம்" என்று ஓர் அம்பு. அது விசை இல்லை, எல்லா விசைகளையும் கூட்டி வந்த விளைவு, சமக்குறிக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியது. இன்னொன்று மையநோக்கு விசை. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றினால் மையத்தை நோக்கி இழுப்பது கயிறுதான், இழுவிசையைப் போட்டுவிட்டு மையநோக்கு விசை என்று இன்னொன்றையும் போட்டால் ஒரே விசையை இரண்டுமுறை எண்ணுகிறீர்கள்.

செங்குத்து எதிர்விசை எப்பவும் எடைக்குச் சமம்தானே?

கிடைத்தளத்தில், மேலும் கீழும் முடுக்கம் இல்லாமல், வேறு யாரும் செங்குத்தாக இழுக்காமல் இருந்தால் மட்டும். அதை நேராக எழுதிவிடாமல் செங்குத்துத் திசையில் விசைகளைக் கூட்டிக் கண்டுபிடிப்பதுதான் பாதுகாப்பு. 10 கிலோகிராம் பெட்டியை 40 நியூட்டன் இழுவிசையோடு கிடைமட்டத்துக்கு மேல் 30 பாகையில் கயிற்றால் இழுத்தால், கயிறு 20 நியூட்டன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது, தளம் 78 நியூட்டன் கொடுத்தால் போதும்.

லிஃப்டிலும் அப்படித்தான். 50 கிலோகிராம் ஆளோடு லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் போனால் தளம் தள்ளுவது 590 நியூட்டன், முடுக்கம் கீழ்நோக்கி என்றால் 390. கவனியுங்கள், முடுக்கம்தான் முக்கியம், போகும் திசை இல்லை. மேலே போய்க்கொண்டே வேகம் குறையும் லிஃப்டிலும் 390 தான்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுன்னா ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போயிடுமே, எப்படி எதுவும் நகருது?

அந்த இரண்டும் ஒரே பொருளின் மேல் இல்லை. நீங்கள் பெட்டியைத் தள்ளும் விசை பெட்டியின் மேல், பெட்டி உங்களைத் தள்ளும் விசை உங்கள் மேல். பெட்டி நகருமா என்று கேட்டால் பெட்டியின் விசைப்படத்தில் இருப்பவற்றை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

மேஜைமேல் வைத்த புத்தகத்தின் எடையும் செங்குத்து எதிர்விசையும் ஒரு ஜோடி என்று நினைப்பதும் இதே குழப்பம். ஜோடியைக் கண்டுபிடிக்கப் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்: பூமி புத்தகத்தை இழுக்கிறது என்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுக்கிறது. மேஜை புத்தகத்தைத் தள்ளுகிறது என்பதற்கு ஜோடி, புத்தகம் மேஜையைத் தள்ளுகிறது. எடையும் எதிர்விசையும் ஜோடியாக இருந்திருந்தால் மேலே சொன்ன லிஃப்டில் ஒன்று 490, மற்றது 590 என்று வந்திருக்கவே முடியாது.

உராய்வுன்னா குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால பெருக்குனா முடிஞ்சுதுதானே?

பொருள் வழுக்கிக்கொண்டிருந்தால் முடிந்தது. நின்றுகொண்டிருந்தால் முடியவில்லை. ஓய்வுநிலை உராய்வு தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், பெருக்கி வரும் எண் அதன் உச்சவரம்பு மட்டும்.

10 கிலோகிராம் பெட்டி, ஓய்வுநிலைக் குணகம் (நிற்கும்போது) 0.5, இயக்கக் குணகம் (வழுக்கும்போது) 0.4. கிடைமட்டமாக 20 நியூட்டனில் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 49 என்று எழுதினால், தள்ளியவரை நோக்கிப் பெட்டி தானாகக் கிளம்பி வரவேண்டும்! வரம்பு 49, தள்ளுவது 20, ஆகவே உராய்வு 20, பெட்டி அசையாது. 60 நியூட்டனில் தள்ளினால் வரம்பு உடைந்து வழுக்க ஆரம்பிக்கும், அப்போது உராய்வு 39.2, மிச்சம் 20.8, முடுக்கம் 2.08 மீ/வி². எந்தக் கணக்கிலும் முதலில் "வழுக்குமா?" என்று சோதித்துவிட்டுத்தான் குணகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாய்தளத்துல எங்க சைன், எங்க காஸ்னு ஒவ்வொரு தடவையும் குழம்புது.

மனப்பாடம் செய்யாதீர்கள், கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். சாய்தளம் படுத்துவிட்டால் பொருள் வழுக்காது, அதனால் தளத்தை ஒட்டிய கூறு பூஜ்யமாக வேண்டும். பூஜ்யக் கோணத்தில் பூஜ்யமாவது சைன், தளத்தை அழுத்தும் கூறுக்கு மிஞ்சுவது காஸ். படம் வரையும்போதும் கோணத்தை 45-க்குப் பக்கத்தில் வைக்காமல் 20 பாகை மாதிரிச் சின்னதாக வரைந்தால் எந்தக் கூறு குட்டி என்று கண்ணுக்கே தெரியும்.

கப்பியில ரெண்டு எடை தொங்குது. கயிற்றோட இழுவிசை எந்த எடைக்குச் சமம்?

இரண்டுக்கும் சமமில்லை. 3 கிலோகிராம் ஒரு பக்கம், 2 கிலோகிராம் மறுபக்கம், கயிறும் கப்பியும் நிறையற்றவை, உராய்வில்லை. இழுவிசை 3-ன் எடைக்குச் சமமாக இருந்தால் அது இறங்காது. 2-ன் எடைக்குச் சமமாக இருந்தால் அது ஏறாது. ஆகவே 19.6-க்கும் 29.4-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும், இது கணக்குப் போடும் முன்பே தெரிகிறது. மொத்தமாகப் பார்த்தால் 1 கிலோகிராம் வித்தியாசத்தின் எடை 5 கிலோகிராமை முடுக்குகிறது, முடுக்கம் 1.96 மீ/வி². பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி விசைப்படம்: 3 × (9.8 − 1.96) = 23.52, 2 × (9.8 + 1.96) = 23.52. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் குறிகள் சரி.

ஜார்ஜ் அட்வுட் 1784-ல் விவரித்த கருவி இது. முடுக்கம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததைப் பாருங்கள், வேகமாக விழும் பொருளை அளக்க வசதியில்லாத காலத்தில் விழுதலை மெதுவாக்கி அளக்க அருமையான வழி.

கனமான பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னா வேலை பூஜ்யமாம். கை கால் எல்லாம் வலிக்குதே?

வலி பொய் இல்லை, கேட்ட கேள்விதான் வேறு. பெட்டியின் மேல் நீங்கள் செய்த வேலை பூஜ்யம், அது நகரவில்லை, அதன் ஆற்றல் மாறவில்லை. தசைகள் உள்ளுக்குள்ளே ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டே இருப்பதால் உங்கள் உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது, அது வெப்பமாகப் போகிறது. பெட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்தாலும் ஸ்டூல் அதே விசையைக் கொடுக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

வேலை எப்படி மைனஸ்ல வரும்?

விசை ஒரு பக்கம், நகர்வு எதிர்ப்பக்கம் என்றால் மைனஸ். அந்த விசை பொருளிடமிருந்து ஆற்றலை எடுக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

5 கிலோ பெட்டியை 2 மீட்டர் தூக்க 98 ஜூல்னு சொல்றாங்க. ஆனா எடைக்குச் சமமா மட்டும் தூக்குனா அது கிளம்பவே கிளம்பாதே? அப்போ வேலை அதிகமாகத்தானே இருக்கணும்?

நல்ல கேள்வி. ஆரம்பத்தில் எடையைவிடக் கொஞ்சம் அதிக விசை கொடுத்தால்தான் கிளம்பும், அது உண்மை. அந்த உபரி வேலை பெட்டியின் இயக்க ஆற்றலாகிறது. ஆனால் மேலே போய் நிற்க வேண்டுமே, அதற்காகக் கடைசியில் எடையைவிடக் குறைவான விசைதான் கொடுப்பீர்கள், ஆரம்பத்தில் போட்ட உபரி அங்கே திரும்பக் கிடைக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் பெட்டி ஓய்வில் இருந்தால் மொத்தம் சரியாக 98 தான். மேலே போனபிறகும் நகர்ந்துகொண்டிருந்தால் அந்த இயக்க ஆற்றலைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எப்போ நியூட்டன் விதி, எப்போ ஆற்றல்?

நேரம் அல்லது முடுக்கம் கேட்டால் பெரும்பாலும் விசைவழி. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகம் என்று கேட்டு நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் ஆற்றல்வழி சுருக்கமாக முடியும். வளைந்த சறுக்குப் பாதையில் முடுக்கம் நொடிக்கு நொடி மாறும், அங்கே விசையோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை, உராய்வில்லை என்றால் உயரம் ஒன்றே போதும்.

பிரேக் கணக்கில் ஆற்றல்வழி எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது பாருங்கள். உராய்வு செய்யும் வேலை இயக்க ஆற்றல் முழுவதையும் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது, நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் வண்டி, குணகம் 0.5 என்றால், மணிக்கு 36 கி.மீ.-யில் சுமார் 10.2 மீட்டரில் நிற்கும், 72-ல் சுமார் 40.8 மீட்டர் ஆகும்.

ஓடுற ரயிலுக்குள்ள பந்து எறிஞ்சா உள்ளே இருக்குறவருக்கு ஒரு ஆற்றல், வெளியே நிக்கிறவருக்கு வேற ஆற்றல் வருது. எது சரி?

இரண்டும் சரி. ரயில் 20 மீ/வி வேகத்தில் போகிறது, உள்ளே ஒருவர் 1 கிலோகிராம் பந்தை முன்னோக்கி 10 மீ/வி-யில் எறிகிறார். உள்ளே இருப்பவருக்குப் பந்தின் இயக்க ஆற்றல் 0-விலிருந்து 50 ஜூலுக்குப் போனது. வெளியே நிற்பவருக்குத் திசைவேகம் 20-லிருந்து 30 ஆனது, இயக்க ஆற்றல் 200-லிருந்து 450, அதாவது 250 ஜூல் கூடியிருக்கிறது. எறிந்தவர் தந்தது 50 தானே, மீதி 200 எங்கிருந்து வந்தது?

விசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் அந்த விசை செயல்பட்ட நேரத்தில் வெளியே நிற்பவர் கணக்குப்படி கை கூடுதல் தூரம் நகர்ந்திருக்கிறது, ரயிலின் வேகத்தால். பந்து பெற்ற உந்தம் (நிறை × திசைவேக மாற்றம்) 10, அதை ரயிலின் 20-ஆல் பெருக்கினால் சரியாக 200. கொடுத்தது ரயில்: எறியும்போது பந்து அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அவர் காலால் ரயில் தளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார், வேகம் குறையாமல் இருக்க எஞ்சின் அந்த 200 ஜூலைப் போட வேண்டும். தப்பு வருவது ஒரே இடத்தில்: விசை நகர்ந்த தூரத்தை ரயிலுக்குள் அளந்துவிட்டுத் திசைவேகத்தை வெளியிலிருந்து எடுத்தால். யார் பார்வையில் போடுகிறோம் என்பதையும் முதல் பதிலில் சொன்ன மூன்றோடு சேர்த்து மேலேயே எழுதிவிடுங்கள்.